சாயம் பிரிக்கும் பெட்டி: தாளை நம்பலாம், அட்டவணையை நம்ப வேண்டாம்

பழைய வண்ணாரப்பேட்டையில் என் வீட்டு மாடியில் மாலை நேரத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறேன். கலவைகளைப் பிரிக்கும் பாடம் வரும்போது வடிகட்டுதலையும் ஆவியாக்குதலையும் சமையலறைப் பாத்திரங்களைக் கொண்டே காட்டிவிட முடிகிறது. ஈரம் ஏறும் தாளில் ஒரு கலவையின் நிறங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் வண்ணப்பிரிகை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் வரைந்த படமாகவே நின்றுவிடும். இந்த ஆண்டு அப்படி விட மனம் வராமல், பாரிமுனைப் பக்கம் ஆய்வகப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் 480 ரூபாய் கொடுத்து, தாள் வண்ணப்பிரிகைக்கென்றே தயாரிக்கப்பட்ட ஒரு பெட்டியை வாங்கி வந்தேன். ஆறு வாரங்களில் பெட்டியில் இருந்த தாள்கள் எல்லாம் தீர்ந்து, தனியாக வாங்கிய தாள்களிலும் பாதி தீர்ந்துவிட்ட நிலையில் இதை எழுதுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். இங்கே சொல்லும் குறைகளைத் தெரிந்துகொண்டால், எந்தப் பெயரில் வரும் பெட்டியையும் கடையிலேயே திறந்து பார்த்து வாங்கலாம்.

பெட்டிக்குள் 20 வடிதாள் பட்டைகள், பிளாஸ்டிக் மூடியுடன் ஒரு கண்ணாடிக் குடுவை, பத்து நுண்குழாய்கள், ஒரு சொட்டுக் குழல், 30 மில்லி ஸ்பிரிட், மூன்று சாயப் புட்டிகள், சிறிய உருண்டையாகச் சுற்றிய வெள்ளை ஊல் நூல், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு செய்முறைத் தாள், பளபளப்பான ஓர் அட்டவணை ஆகியவை இருந்தன. நுண்குழாய்களில் இரண்டு உடைந்திருந்தன. கண்ணாடித் துகள் பெட்டியின் மூலைகளில் சிதறிக் கிடந்ததால், பிள்ளைகள் கை வைப்பதற்கு முன் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைக்க வேண்டியதாயிற்று. இதில் அலட்சியம் கூடாது. குழந்தைகளுக்கு என்று விற்கும் பெட்டியில் கண்ணாடிக் குழாய்களைப் பஞ்சில் பொதிந்து தந்திருக்க வேண்டும்.

முதல் நாள் கருப்பு ஸ்கெட்ச் பேனாவில் தொடங்கினோம். பட்டையின் அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கோடு, கோட்டின் நடுவில் கடுகளவு ஒரு கருப்புப் புள்ளி, குடுவையில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர். புள்ளி தண்ணீரில் மூழ்கக் கூடாது என்பதுதான் இதில் உயிரான விதி. மூழ்கினால் சாயம் தாளில் ஏறாமல் குடுவைத் தண்ணீரிலேயே கரைந்துவிடும். பட்டையின் நுனி தண்ணீரைத் தொட்டதும் ஈரம் ஏறத் தொடங்கியது. கோட்டை அது தாண்டிய நொடியில் புள்ளியின் மேல் விளிம்பு மெல்லக் கலைந்து, கருப்புக்குள்ளிருந்து நீலம் ஒரு பிறை போலப் பிரிந்து வெளியே வந்தது. அதன் பின்னால் ஊதா கலந்த இளஞ்சிவப்பு, அதற்கும் கீழே வெளிறிய மஞ்சள். கால் மணி நேரத்தில் ஒரு புள்ளி மூன்று நிறங்களாக நின்றது. எட்டுப் பிள்ளைகளும் மூச்சுக் காட்டாமல் பார்த்தார்கள். வேறொரு நிறுவனத்தின் கருப்புப் பேனாவை அடுத்த பட்டையில் வைத்தபோது மஞ்சளே வரவில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு கருப்புகள் வெவ்வேறு கலவைகள் என்பதை எத்தனை வகுப்புகளில் சொன்னாலும் இந்த ஒரு காட்சிக்கு ஈடாகாது. அந்த ஒரு மாலைக்கு மட்டும் என்றாலும் பெட்டிக்குக் கொடுத்த பணம் தகும்.

அடுத்த நாள் ஸ்பிரிட்டை ஊற்றி நிரந்தர மார்க்கர் மையைச் சோதித்தபோதுதான் முதல் சிக்கல் வந்தது. பெட்டியின் மேலட்டைப் படத்தில் கோடு நீலப் பால்பாயின்ட் பேனாவால் போடப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்த ஒரு மாணவன் அப்படியே பேனாவால் கோடு போட்டுவிட்டான். பால்பாயின்ட் மை தண்ணீரில் எளிதில் ஓடாது, ஆனால் ஸ்பிரிட்டில் கரையும். ஆகவே கோடே ஒரு நீலத் திரையாக மேலெழுந்து, மார்க்கரின் நிறங்களை மூடிவிட்டது. கோட்டைப் பென்சிலால்தான் போட வேண்டும், ஏனெனில் பென்சிலில் இருக்கும் கிராஃபைட் தண்ணீரிலும் கரையாது, ஸ்பிரிட்டிலும் கரையாது. செய்முறைத் தாளில் 'பென்சில்' என்று சரியாகத்தான் அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் எந்தக் குழந்தையும் முதலில் பார்ப்பது படத்தைத்தான். அந்தப் படத்தை அவர்கள் மாற்றியே ஆக வேண்டும்.

சாயங்கள் ஏன் பிரிகின்றன என்பதைச் செய்முறைத் தாள் இரண்டே வரிகளில் முடித்துவிடுகிறது. தாள் என்பது செல்லுலோஸ் நார்களின் பின்னல். அந்த நார்கள் எப்போதும் சிறிது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. நார்களுக்கு இடையிலான நுண்ணிய இடைவெளிகள் திரவத்தை இழுக்கும் தந்துகிக் கவர்ச்சியால் கரைப்பான் (இங்கே தண்ணீர் அல்லது ஸ்பிரிட்) மேலேறும்போது ஒவ்வொரு சாயமும் தாளோடு ஒட்டிக்கொள்வதும், மறுபடி கரைப்பானில் இறங்கி நகர்வதுமாக இருக்கிறது. கரைப்பானோடு அதிக நேரம் இருக்கும் சாயம் உயரே போகும்; தாளை அதிகம் பற்றிக்கொள்வது கீழே தங்கும். ரஷ்யத் தாவரவியலாளர் மிகாயில் ஸ்வெத் இலைகளின் நிறமிகளை இப்படிப் பிரித்துக் காட்டியது 1903இல். அவர் பயன்படுத்தியது தாள் அல்ல, கண்ணாடிக் குழாயில் நிரப்பிய சுண்ணாம்புத் தூள். 1906இல் அதற்கு அவர் இட்ட பெயர்தான் குரோமடோகிராபி, அதாவது நம் வண்ணப்பிரிகை. ஸ்வெத் என்ற அவருடைய குடும்பப் பெயருக்கே ரஷ்ய மொழியில் நிறம் என்று பொருள். தாளைக் கொண்டு பிரிக்கும் முறை 1944இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், கம்பளித் தொழிலுக்கான ஆராய்ச்சிக் கூடத்தில், ஆர்ச்சர் மார்ட்டினும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கியது. அதற்கு அடிப்படையான பங்கீட்டு முறைக்காக (ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களுக்கிடையே ஒரு பொருள் பங்கிடப்படுவதைக் கொண்டு பிரிப்பது) மார்ட்டினும் ரிச்சர்ட் சிங்கும் 1952இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதிப் பெட்டியில் வைத்திருந்தால் தயாரிப்பாளருக்கு என்ன செலவாகிவிடப் போகிறது?

குடுவையின் கண்ணாடி நல்ல கனமாக, அடிப்பகுதி சமமாக இருக்கிறது, குறை மூடியில்தான். அது விளிம்பில் சரியாக உட்காரவில்லை. குடுவைக்குள் கரைப்பானின் ஆவி நிறைந்திருந்தால்தான் ஏறும் ஈரம் ஓரங்களில் உலராமல் நேர்க்கோடாகச் செல்லும். எங்கள் மாடியில் கடற்காற்றும் உண்டு, மின்விசிறியும் உண்டு. இந்த மூடியோடு ஸ்பிரிட்டைத் தாளில் ஏறவிட்டால் (இதைத்தான் 'ஓட்டுவது' என்கிறேன்) நிறங்கள் கோணலாகவே வந்தன. ஊறுகாய் பாட்டிலின் திருகு மூடியைப் போட்ட பிறகு கோணல் போய்விட்டது. ஒரு சில்வர் மூடியைக் கவிழ்த்து வைத்தாலும் போதும்.

இந்தப் பெட்டியில் மெச்ச வேண்டிய பொருள் தாள்தான். ஈரம் சீராக ஏறுகிறது, நார் பிரிவதில்லை, சாயப் புள்ளிகளின் விளிம்பு தெளிவாக இருக்கிறது. ஒப்பிடுவதற்காக ஆய்வகங்களில் பயன்படும் வாட்மன் முதல் எண் வடிதாள், 100 வட்டங்கள் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கி, அதிலிருந்து வெட்டிய பட்டைகளையும் உடன் ஓட்டினேன். தெளிவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஒரே ஒரு குறை, இருபது பட்டைகளையும் ஒரே வாக்கில் வெட்டவில்லை. ஆலையில் தாள் ஓடும் திசையிலேயே நார்கள் பெரும்பாலும் படிந்திருப்பதால், அந்தத் திசையில் நீர் விரைவாக ஏறும். குறுக்கே மெதுவாக ஏறும். சில பட்டைகளில் எட்டு சென்டிமீட்டர் ஏற 14 நிமிடமும், வேறு சிலவற்றில் 20 நிமிடமும் ஆனதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இன்னொன்று: காசிமேட்டிலிருந்து வீசும் காற்று படும் வீடுகளில் தாளைத் திறந்து வைக்கக் கூடாது. ஒரு வாரம் அலமாரியில் திறந்து கிடந்த பட்டைகளில் புள்ளி வைத்த உடனேயே மை அகலமாகப் பரவிவிட்டது. மூடியுள்ள டப்பாவில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இனி, அட்டவணையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு சாயம் கடந்த தூரத்தைக் கரைப்பான் கடந்த தூரத்தால் வகுத்தால் கிடைப்பது அதன் ஆர்.எஃப் மதிப்பு. பெட்டியில் உள்ள அட்டவணை பத்துச் சாயங்களுக்கு இந்த எண்களை இரண்டு தசம இடங்கள் வரை கொடுத்து, அருகில் நிறப் புள்ளிகளையும் அச்சிட்டிருக்கிறது. பார்க்க மிக நம்பகமாக இருக்கிறது. ஆனால் எந்தத் தாளில், எந்தக் கரைப்பானில் அளந்த எண்கள் அவை என்று அதில் ஓர் எழுத்துகூட இல்லை. இது இல்லாத ஆர்.எஃப் மதிப்பு, அளவுகோல் குறிப்பிடாத வரைபடத்துக்குச் சமம்.

இதை நான் வாதமாகச் சொல்லவில்லை, செய்து பார்த்துச் சொல்கிறேன். மளிகைக் கடையில் வாங்கிய பச்சை நிற உணவுச் சாயப் புட்டியின் லேபிளில் 102, 133 என்று, சாயங்களைக் குறிக்கும் இரண்டு குறியீட்டு எண்கள் இருந்தன. 102 என்பது டார்ட்ரசைன் என்ற மஞ்சள், 133 என்பது பிரில்லியன்ட் புளூ. கேன் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு ஓட்டியபோது, பச்சைப் புள்ளி அழகாக இரண்டாகப் பிரிந்தது. ஈரம் 8.0 சென்டிமீட்டர் ஏறியிருக்க, நீலம் 7.6இலும் மஞ்சள் 6.6இலும் நின்றன, அதாவது 0.95, 0.83. அதே சாயத்தை, திருவொற்றியூரிலிருந்து வரும் ஒரு மாணவி வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஓட்டினோம். அந்தத் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கும். கடலோரத்தில் நிலத்தடி நீரில் உப்பு ஏறிவிட்ட பகுதிகள் மீஞ்சூர் வரை இருப்பது வடசென்னைக்காரர்கள் அறிந்ததே. அதில் நீலம் 0.90, மஞ்சள் 0.70. உப்பு கூடினால் சாயம் தண்ணீரை விட்டுத் தாளைக் கூடுதலாகப் பற்றுகிறது. சாயம் அதேதான், தாளும் அதேதான், ஊற்றிய தண்ணீர் மட்டும் வேறு. அப்படியிருக்க அட்டவணை எண்ணோடு எதை ஒப்பிடுவது?

சரியான முறை மிக எளிது. சந்தேகப்படும் சாயத்தையும், பெயர் தெரிந்த சாயத்தையும் ஒரே தாளில் ஒரே கோட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே குடுவையில் ஒன்றாக ஓட்ட வேண்டும். தண்ணீர் எப்படிப்பட்டதாக இருந்தாலும் இரண்டும் ஒரே பாதிப்புக்கு உள்ளாவதால் ஒப்பீடு நிற்கும். இதற்கு அகலமான தாள் வேண்டும். பெட்டியில் இருப்பவையோ இரண்டு சென்டிமீட்டர் அகலப் பட்டைகள், அவற்றில் ஒரு புள்ளிக்கு மேல் வைத்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும். பெயர் தெரிந்த சாயங்களும் வேண்டும். பெட்டியில் இருக்கும் மூன்று புட்டிகளில் 'சிவப்பு', 'மஞ்சள்', 'நீலம்' என்று மட்டுமே ஒட்டியிருக்கிறார்கள். உணவில் அனுமதிக்கப்பட்ட சிவப்புகளே கார்மோசின், பொன்சோ 4ஆர், எரித்ரோசின் என்று மூன்று இருக்கும்போது, வெறும் 'சிவப்பு' எதற்கு உதவும்?

இந்தக் குறை ஒரு நாள் வகுப்பில் ஒரு பிள்ளையின் மனத்தைப் புண்படுத்தும் அளவுக்குப் போனது. பெட்டியின் பக்கவாட்டில் 'உணவுக் கலப்படத்தை வீட்டிலேயே கண்டுபிடியுங்கள்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. ஒரு மாணவன் தெருமுனைக் கடையில் இளஞ்சிவப்புத் தேங்காய் பர்பி வாங்கி வந்து, தண்ணீரில் கரைத்துத் தாளில் ஓட்டினான். வந்த கறையை அட்டவணைப் படத்தோடு ஒப்பிட்டு, "மிஸ், இது ரோடமைன் பி!" என்று உரக்கச் சொல்லிவிட்டான். ரோடமைன் பி என்பது உணவில் அனுமதிக்கப்படாத ஒரு தொழிற்சாலைச் சாயம். 2024 பிப்ரவரியில் அது கலந்த பஞ்சுமிட்டாய்க்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததிலிருந்து அந்தப் பெயர் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கடையை நடத்துபவரின் மகளும் அதே பாயில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒன்றும் பேசவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றே முடிவு தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அவளுடைய அம்மாவிடம் கேட்டதும் தயங்காமல் சாயப் புட்டியைக் கொடுத்தனுப்பினார். லேபிளில் 127 என்று இருந்தது. அது எரித்ரோசின், இந்தியாவில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட எட்டுச் செயற்கைச் சாயங்களில் ஒன்று. அதுவும் இளஞ்சிவப்புதான். பையன் ஓட்டிய தாளில் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து ஏறியதால் நிறம் ஒரு நீண்ட வாலாக இழுபட்டிருந்தது. அதில் அளப்பதற்கே ஒரு புள்ளி கிடையாது. ஆகவே முதலில் இனிப்பிலிருந்து சாயத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அதற்கான பழைய வழி கம்பளி நூல்: வினிகர் கலந்த கரைசலில் வெள்ளைக் கம்பளி நூலைப் போட்டுக் கொதிக்க வைத்தால் செயற்கை உணவுச் சாயம் நூலில் ஏறிக்கொள்ளும்; நூலை நன்றாக அலசி, நீர்த்த அம்மோனியாவில் மறுபடி சூடாக்கினால் சாயம் நூலைவிட்டு இறங்கிவிடும். அரசு ஆய்வகங்களிலும் இதே முறையில் பிரித்துத்தான் தாளில் ஓட்டுவது வழக்கம்.

பெட்டியில் ஊல் உருண்டை கொடுத்திருப்பது இதற்காகத்தான். பத்து நிமிடம் கொதித்தும் அந்த நூலில் நிறம் ஏறவே இல்லை. அலசியதும் பளிச்சென்று வெள்ளையாக வந்து நின்றது. ஒரு மாணவியின் ஆயா, சலவைத் தொழிலில் ஆண்டுக்கணக்காக இருந்தவர், பேத்தியை அழைத்துப் போக வந்திருந்தார். நூலை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது கம்பளி இல்லம்மா, கொளுத்திப் பாரு" என்றார். கொளுத்தியதும் அது பிளாஸ்டிக் போல உருகிக் கருப்பு முத்தாக இறுகியது. உண்மையான கம்பளி முடி பொசுங்கும் நாற்றத்தோடு எரிந்து, நொறுங்கும் சாம்பலாகும். பேன்சி ஸ்டோர்களில் ஊல் என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் இழை. உணவுச் சாயங்கள் அதில் ஏறுவதில்லை. கம்பளியை நம்பி நடக்கும் சோதனைக்கு அக்ரிலிக்கைக் கொடுத்திருப்பதை நான் சிறு குறையாகக் கருதவில்லை. அந்த நூலை வைத்துச் சோதிக்கும் குழந்தை, செயற்கைச் சாயம் நிறைந்த தின்பண்டத்தைக்கூட 'இதில் சாயமே இல்லை' என்று முடிவு செய்துவிடும்.

அந்த ஆயாவே தம் வீட்டிலிருந்து ஒரு பழைய கம்பளிச் சால்வையின் ஓர இழைகளைக் கொடுத்தார். அதில் நிறம் ஏறியது, அம்மோனியாவில் இறங்கியது. இறங்கிய சாயத்தைச் சுண்டவைத்து, புட்டிச் சாயத்துக்குப் பக்கத்தில் ஓர் அகலத் தாளில் வைத்து உப்புத் தண்ணீரில் ஓட்டினோம். இரண்டும் தொடக்கக் கோட்டை விட்டு அதிகம் ஏறாமல், ஒரே உயரத்தில், ஒரே சாயலில் நின்றன. எரித்ரோசின் தாளை இறுகப் பற்றும் சாயம் என்பதால் அது எதிர்பார்த்ததுதான். தாளைப் பார்த்ததும் அந்தப் பையன் தானாகவே அவளிடம் மன்னிப்புக் கேட்டான்.

இதிலும் எல்லையைச் சொல்ல வேண்டும். இரண்டு புள்ளிகள் ஒரே உயரத்தில் நின்றால் அவை ஒரே சாயமாக இருக்கக் கூடும் என்பது மட்டுமே பொருள். வேறொரு கரைப்பானிலும் ஒத்து வந்தால் நம்பிக்கை கூடும், அவ்வளவுதான். அனுமதிக்கப்பட்ட சாயத்துக்கும் பெரும்பாலான உணவுகளில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்ற உச்சவரம்பு உண்டு; அதைத் தாண்டியிருக்கிறதா என்பதை இந்தத் தாள் காட்டாது. மஞ்சள்தூள் சேர்ந்த பண்டங்களில் அம்மோனியா பட்டதும் மஞ்சளே சிவந்து குழப்பிவிடும். உண்மையாகச் சந்தேகம் இருந்தால், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பொருளை வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் கிண்டி கிங் ஆய்வு நிலைய வளாகத்தில் இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட வேண்டியது இந்தச் செய்திதான்.

செய்முறைத் தாளின் தமிழ், படிப்பவரைப் பற்றி நினைக்காமல் சொல்லுக்குச் சொல் மாற்றியது. ஈரம் ஏறி நின்ற எல்லையைக் குறிக்கும் இடத்தில் 'கரைப்பானுக்கு முன்னால் குறியிடவும்' என்று இருக்கிறது. கரைப்பானை ஊற்றுவதற்கு முன்பே குறியிட வேண்டும் என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். தாளை வெளியே எடுத்த உடனே, காய்வதற்குள், ஈரத்தின் எல்லையைப் பென்சிலால் குறித்துவிட வேண்டும் என்பதே அங்கே சொல்ல வந்தது. காய்ந்துவிட்டால் எல்லை மறைந்துபோகும், பிறகு எதையும் கணக்கிட முடியாது.

வீட்டில் ஒரு பிள்ளைக்கு நிறங்கள் பிரியும் அதிசயத்தைக் காட்ட விரும்பும் பெற்றோர் இந்தப் பெட்டியைத் தாராளமாக வாங்கலாம். பேனா மைகளோடும் உணவுச் சாயப் புட்டிகளோடும் நிறுத்திக்கொண்டு, அட்டவணையை எடுத்து வைத்துவிட வேண்டும். பல பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவர்கள் பெட்டியை விட்டுவிட்டு, நைனியப்ப நாயக்கன் தெருப் பக்கம் உள்ள கடைகளில் வடிதாள் வட்டங்களையும் நுண்குழாய்களையும் தனித்தனியாக வாங்கிக்கொள்வதே நல்லது. குடுவைக்கு வாய் அகன்ற ஊறுகாய் பாட்டில் போதும். சாயப் புட்டிகளை மட்டும் லேபிளில் எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து, முடிந்தவரை ஒற்றைச் சாயம் உள்ளவையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அம்மோனியாவைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்துப் பெரியவர்களே சூடாக்க வேண்டும். ஓட்டி முடித்த தாள்களை நோட்டில் ஒட்டி மூடி வைக்கச் சொல்லுங்கள். பர்பியின் இளஞ்சிவப்புத் தாளைப் பிள்ளைகள் ஆசையாக ஜன்னலோரச் சுவரில் ஒட்டினார்கள். ஒரே வாரத்து வெயிலில் இரண்டு புள்ளிகளும் வெளுத்து, பென்சில் கோடு மட்டும் மிஞ்சியது.